குழலுக்கும் கட்டைக்கும் நடுவே

ஐம்பத்தெட்டு வயதில் ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தி கோணிச்சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துத் துப்பாக்கி சுடுகிறாள் என்றால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் சிரிப்பார்கள். இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லி பூமாவுக்கு அலுத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன.

மணப்பாறை ரோட்டில், ஊரெல்லாம் ஓய்ந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்தப் பயிற்சி மைதானம். விடிந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும். நூறு மீட்டர் தள்ளி, மண்மேட்டில் ஒட்டிய வெள்ளைத் தாள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் லேசாக ஆடியது. வெயில் ஏற ஏற தரையிலிருந்து கிளம்பும் ஆவி அது. அதைப் பார்த்துக்கொண்டே மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை அழுத்தினால் ஒரு நொடிக்கு உலகத்தில் எதுவும் இருக்காது. வீடு, மாத்திரை, பால்காரன், யாருமே இல்லை. இந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் இருபத்திரண்டு வருஷமாக இங்கே வந்துகொண்டிருந்தாள்.

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது பிடித்த பைத்தியம் அது. பிறகு ஒரு கல்லூரியின் பௌதிக லேபில் வேலை, கல்யாணம், மதுசூதன் என்று ஒரு பிள்ளை. முப்பத்தாறாவது வயதில், முசிறியில் ஒரு பழைய குடும்பம் கைகழுவ நினைத்த வேட்டைத் துப்பாக்கி ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. ஒரு காலத்தில் பச்சைமலைப் பக்கம் முயல் சுட்டதாம். பூமாவிடம் வந்தபிறகு அது காகிதத்தைத் தவிர எதையும் சுட்டதில்லை.

"நம்மாத்துல துப்பாக்கியா?" என்று மாமியார் மூக்கைச் சிந்தியபோது அவள் கணவர் ராஜகோபாலன்தான் காப்பாற்றினார். உயர்நிலைப் பள்ளியில் சம்ஸ்கிருத வாத்தியார். எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார்.

"பெருமாளே அஞ்சு ஆயுதம் வெச்சிண்டிருக்கார். நம்மாத்துல ஒண்ணுதானே? இருந்துட்டுப் போறது" என்றார்.

வேட்டைத் துப்பாக்கி கிட்டத்தில் நிற்கும் முயலுக்குச் சரி, நூறு மீட்டருக்குச் சரிப்படாது. புதிதாகப் போட்டித் துப்பாக்கி வாங்க லேப் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே பூமா இருப்பதைச் சீர் செய்தாள். மரக்கட்டை குழலில் உரசினால் குறி விலகும் என்று எங்கோ படித்துவிட்டு, பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி, ஒரு கோடை முழுக்கக் கட்டையின் உட்பள்ளத்தை இழைத்தாள். ராஜகோபாலன் எதிரில் உட்கார்ந்து கட்டையைப் பிடித்துக்கொண்டு அமரகோசம் சொல்லிக்கொண்டிருப்பார். மரத்தூள் அவர் மீசையில் படியும். கடைசியில் ஒரு மெல்லிய தாள் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே தடையில்லாமல் ஓடியது. பூமா குழந்தை மாதிரி கைதட்டினாள்.

அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கிக்கு ஆயுத பூஜையன்று சந்தனம் சாத்துவது அவர் பொறுப்பு. கடைச் சந்தனத்தைத் தொட மாட்டார். கல்லில் தானே அரைப்பார். வெண்ணெய் மாதிரி கெட்டியாக வரும்வரை விட மாட்டார்.

சென்ற தை மாதம் ராஜகோபாலன் பரமபதித்தார். நுரையீரல். கண்டுபிடித்தபோதே ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

புரட்டாசி மழைக்கு நின்றுபோன பயிற்சிக்கு, சித்திரையில் பூமா மறுபடி மைதானத்துக்கு வந்தாள். அப்போதுதான் அந்த விபரீதம் தொடங்கியது. முதல் மூன்று தோட்டா ஒன்றன்மேல் ஒன்று விழும். நான்காவது வலப்பக்கம் மேலே ஏறும். ஐந்தாவது இன்னும் ஏறும். பத்தாவது தாளின் மூலைக்கே போய்விடும். அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. நான்காவது தோட்டாவை நிரப்பும் போதெல்லாம் ஆஸ்பத்திரித் தாழ்வாரமும் அவருடைய இருமலும் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். துக்கம் தோளில் கை வைத்து லேசாக நகர்த்துகிறது என்றே நினைத்தாள்.

"மனசு சரியில்லீங்க மேடம். கை பாவம், அது என்ன பண்ணும்?" என்றார் வீரமலை. மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர், பட்டாளத்தில் இருந்தவர். வாயைத் திறந்தால் மணப்பாறை பெருமைதான்.

இதற்கிடையில் உரிமம் புதுப்பிக்கும் காலம் வந்தது. "எதுக்கும்மா இன்னும் அந்தத் துப்பாக்கி? தனியா இருக்கே. போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துடு" என்று மதுசூதன் புனேயிலிருந்து தினமும் போன் செய்தான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. பூமா தனக்குத்தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள். ஆடி முடிவதற்குள் நூறு மீட்டரில் பத்துத் தோட்டாவும் ஒரே இடத்தில் விழுந்தால் துப்பாக்கி வீட்டில். விழாவிட்டால் ஸ்டேஷனில்.

"ஒரே இடம்னா எவ்வளவு மேடம்?" என்று கேட்டார் வீரமலை.

"நீங்களே சொல்லுங்கோ."

"எங்க ஊரு முறுக்கு ஒண்ணு. அதுக்குள்ள பத்தும் இருக்கணும்."

முறுக்கென்றே முடிவாயிற்று. பூமா தனக்குத் தெரிந்த சிக்கன வைத்தியம் அத்தனையும் செய்து பார்த்தாள். குழலையும் கட்டையையும் பிணைக்கும் இரண்டு திருகாணிகளை ஒரே அளவாக முடுக்கினாள். மூன்று விதத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டு, துப்பாக்கிக்கு எது பிடிக்கிறது என்று பார்த்தாள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, மணல் அடைத்துத் தைத்து, துப்பாக்கிக்குத் தலையணை செய்தாள். காற்றைப் பார்க்கக் குச்சியில் ரிப்பன் கட்டினாள். ராஜகோபாலனின் வேஷ்டியைக் கிழித்துக் குழலுக்குள் விட்டுத் துடைத்தாள். கிழிக்கும்போது அழுதாள் என்பதையும் சொல்லிவிட வேண்டியதுதான். முதல் மூன்று தோட்டா முன்னைவிட நெருங்கின. நான்காவது வழக்கம்போல் ஏறியது.

ஆடி முடிய நான்கு நாள் இருந்தது. அன்று காலை மூன்றாவது தோட்டா முடிந்ததும் மதுசூதன் கூப்பிட்டான். துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். "அப்பா போனப்புறம் நீ எதையும் விடமாட்டேங்கறேம்மா" என்றான் அவன். அவ்வளவுதான், இருபது நிமிஷம் போனிலேயே அழுது தீர்த்தாள். மூக்கும் கண்ணும் வீங்க, இனி ஒன்றும் தேறாது என்று வந்து படுத்தாள். அடுத்த மூன்று தோட்டாவும் நட்டநடுவில் போய் உட்கார்ந்தன.

பூமா தாளையே பார்த்தாள். முப்பது வருஷம் லேபில் பிள்ளைகளுக்கு வெப்பமானியும் பர்னரும் எடுத்துக் கொடுத்த மூளை மெல்ல விழித்துக்கொண்டது. துக்கம் இருபது நிமிஷத்தில் ஆறுமா? ஆறாது. ஆனால் இரும்பு ஆறும்.

"வீரமலை, இது மனசு இல்லை. குழல் சூடானா எங்கேயோ இடிக்கறது."

"நீங்களே இழைச்சதுதானேங்க, எப்படி இடிக்கும்?"

அந்த நம்பிக்கையில்தான் அவளும் நாலு மாதமாக அந்த இடத்தைச் சோதிக்கவே இல்லை. கைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை எடுத்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்த டிக்கெட் பாதியில் நின்றது. இழுத்தால் கிழிந்தது.

திருகாணிகளைக் கழற்றிக் குழலைத் தூக்கியபோது கட்டையின் பள்ளத்தில், இடப்பக்கம், விரல் நீளத்துக்கு மஞ்சளாக ஒன்று வழிந்து இறுகிக் கிடந்தது. ஓரத்தில் சிவப்பு. பூமா நகத்தால் சுரண்டினாள். எண்ணெயும் மருந்துப் புகையும் நாறுகிற அந்த இடத்தில் குப்பென்று சந்தனம் மணத்தது.

அப்படியே சாக்கில் உட்கார்ந்தாள்.

சென்ற ஆயுத பூஜை. அடுப்பில் சுண்டல், அடிப்பிடிக்கிற அவசரம். கூடத்திலிருந்து அவர் கூப்பிட்டார். "பூமா, இந்தத் தடவை சந்தனம் நிக்க மாட்டேங்கறது. வழியறது."

"துடைச்சிடுங்கோன்னா" என்று உள்ளேயிருந்தே கத்தினாள். எட்டிப் பார்க்கவில்லை.

அவர் துடைத்திருக்கிறார், வெளிப்பக்கத்தை மட்டும். இருபது வருஷம் வெண்ணெயாக அரைத்த மனுஷர் அன்றைக்குத் தண்ணீராக அரைத்திருக்கிறார். அரைக்கத் தெம்பில்லை. அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனார்கள்.

"அப்பவே முடியலை அவருக்கு" என்றாள் பூமா. "சொன்னார், வீரமலை. சந்தனம் நிக்கலைன்னு சொன்னார். நான்தான் போய்ப் பார்க்கலை."

வீரமலை தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அந்தச் சந்தனத்தை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் கை கடைசியாகத் தொட்ட சந்தனம். அது இருந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகும். போனால் அவர் மரத்தூள் படிந்த மீசையோடு பிடித்துக்கொண்டிருந்த கட்டையும் போகும். கட்டையை மடியில் ஏந்திக்கொண்டாள். காற்று ரிப்பனைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு வேஷ்டித் துண்டைத் தண்ணீரில் நனைத்து, பல்குத்தும் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தி எடுத்தாள். தூளைக் கிழிந்த டிக்கெட்டில் மடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிகாலை பத்துத் தோட்டாவையும் நிறுத்தாமல் சுட்டாள். நான்காவதில் இருமல் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதையும் வைத்துக்கொண்டே சுட்டாள். வீரமலை தாளைக் கொண்டுவந்து, பையிலிருந்து முறுக்கை எடுத்து மேலே வைத்தார். முறுக்குக்கு வெளியே ஓட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை.

உரிமம் புதுப்பித்தாயிற்று. மதுசூதன் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசிவிட்டான்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. வருஷம் திரும்பாத வீட்டில் பண்டிகை கிடையாது என்றாலும் துப்பாக்கிக்கும் சுண்டலுக்கும் பூமா விலக்குக் கொடுத்தாள். பூமா சுண்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கல்லின் முன் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் அரைத்தாள், தோள் விட்டுப்போயிற்று. வெண்ணெயாகத் திரண்டதை ஒற்றை விரலில் எடுத்து, குழலுக்கு எட்டாத தூரத்தில், கட்டையின் அடிப்பக்கத்தில் வைத்தாள். பிறகு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நின்னுடுத்துன்னா" என்றாள் கூடத்தைப் பார்த்து.