அத்தை பாடாத பாட்டு

தாராபுரத்து மிஷன் கோயிலில் நாங்கள் பாடிய ஞானப்பாட்டுகளில் பாதி கப்பலேறி வந்தவை. மெட்டு அங்கிருந்து வரும். அதற்கு யாராவது இங்கே தமிழ் வார்த்தைகளைத் தைத்துப் போடுவார்கள். சில இடங்களில் சட்டை இறுக்கும். நாங்கள் இழுத்துப் பிடித்துப் பாடிவிடுவோம்.

அவற்றில் ஒன்றுக்கு மட்டும் சபையில் அத்தையின் பாட்டு என்றே பெயர். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணத்துக்கு முன்பும், உடுமலைப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டபின் ஊருக்கு வரும்போதெல்லாமும் கோயிலில் கால் ஆர்மோனியத்தை மிதித்து வாசித்தபடி பாடுவார். இருட்டில் நடக்கிறவனின் கையைக் கர்த்தர் விடமாட்டார் என்று போகும் அந்தப் பாட்டு. கடைசிச் சரணத்தில் அத்தையின் குரல் மேலே ஏறும்போது பின்வரிசையில் தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்வார்கள்.

பாட்டின் கதையை ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொன்னவர் மிஸ்ஸியம்மா. பெண்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணி. போன நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியர், மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கே மேசையில் உட்கார்ந்து அதை எழுதினாராம். மெட்டுப் போட்டவர் வேறொருவர். தொலைவில் ஏதோ ஊரில் ஆர்கன் பழுதுபார்த்தவர். பத்திரிகையில் பாட்டைப் படித்துவிட்டு மெட்டமைத்தாராம். இருவரும் கடைசிவரை சந்திக்கவேயில்லை.

“மெட்டுப் போட்டவரு ஊட்டுல யாருங்க செத்தாங்க?” என்று கேட்டேன்.

மிஸ்ஸியம்மா சற்று யோசித்தார். “அவ்விஷயம் எனக்குத் தெரியாது, குழந்தாய்” என்றார். அவர் தமிழ் எப்போதும் வேதாகமம்போல இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது சுற்றுவட்டாரத்தில் வாந்திபேதி பரவியது. உடுமலைப்பேட்டை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த மாமா, ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், தாமும் படுத்து இரண்டே நாளில் போய்விட்டார். அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அடக்கத்தின்போதே அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்களாம். அத்தை பாடவில்லை. அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பாடவில்லை. ஆர்மோனியத்தின் பக்கமே போகாமல் பெண்கள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று சபையில் பேச்சு கிளம்பியது.

பேச்சு வெறும் பேச்சோடு நிற்கவில்லை. பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியாரம்மா வேலை காலியாக இருந்தது. மிஸ்ஸியம்மாவுக்கு அத்தையை எடுக்க ஆசை. விசுவாசம் தளர்ந்தவளைப் பிள்ளைகளிடம் விடலாமா என்று போதகர் தயங்கினார். அறுப்புப் பண்டிகையன்று அந்தப் பாட்டைப் பாடட்டும், எல்லார் வாயும் அடைந்துவிடும் என்று முடிவாயிற்று. சம்மதம் சொன்னது அப்பா.

அன்று சாயங்காலம் அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

“பாட்டு மறந்துபோச்சா அம்மணி?” என்றார் அப்பா.

“மறக்கலீங்ணா. வாய் ஒப்ப மாட்டேங்குதுங்க. ஒப்பாத வாயில பாடுனா, சாமி முன்னால பொய் சொன்னாப்பல ஆயிருமுங்க.”

“எழுதுனவரும் பொண்டாட்டியப் பறிகொடுத்தவருதானே.”

“அவருக்கு அன்னைக்கே வந்துச்சுங்க. எனக்கு இன்னும் வரலீங்க.”

“வாக்குக் குடுத்துப்போட்டேன்” என்றார் அப்பா.

“வாரேனுங்க. வாசிக்கறேனுங்க” என்றார் அத்தை.

வாசிக்கிறேன் என்றுதான் சொன்னார் என்பதை அப்பா கவனித்தாரா, தெரியவில்லை. நான் கவனிக்கவில்லை.

பண்டிகையன்று பீடத்தின் முன்னால் சோளக்கதிரும் பூசணிக்காயும் வாழைத்தாருமாகக் குவிந்திருந்தது. போதகர் தலையசைத்ததும் அத்தை எழுந்து போய் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். மெட்டு ஒரு தடவை முழுவதும் வந்தது. அது முன்னோட்டம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மெட்டு மறுபடி முதலிலிருந்து வந்தது. அத்தையின் உதடு அசையவில்லை. சபை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டது. அப்பா தரையைப் பார்த்தார். மூன்றாவது முறையும் மெட்டு ஆரம்பித்தது. அவ்வளவு மெதுவாக அந்தப் பாட்டை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

அத்தைக்கு வார்த்தை மறந்துவிட்டது என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அப்பாவிடம் வெட்கப்பட்டு மறைத்திருக்கிறார்! முன்வரிசையில் இருந்த நான், எடுத்துக்கொடுப்போம் என்று முதல் அடியைச் சத்தமாகவே சொன்னேன். அதை ஆரம்பம் என்று நினைத்து என் பக்கத்திலிருந்த பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். பின்னால் பெண்கள், அப்புறம் ஆண்கள். கோயில் முழுவதும் பாடியது. அத்தை மட்டும் பாடவில்லை. குனிந்தபடியே எல்லாச் சரணத்துக்கும் வாசித்தார். கடைசிச் சரணம் ஏறும் இடத்தில் ஒரு கட்டையில் விரல் நின்று, மறுபடி தொடர்ந்தது.

பிள்ளைகளை எவ்வளவு அழகாகப் பழக்கியிருக்கிறாள் என்று மிஸ்ஸியம்மா பூரித்துப்போனார். போதகரும் மறுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அத்தை பள்ளிக்கூடத்து வேலைக்குப் போனார்.

கோயிலிலிருந்து திரும்பும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கை வழக்கத்தைவிட இறுகியிருந்தது.

“மறந்துபோச்சுன்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க அத்தை? எனக்கு எல்லாச் சரணமும் தெரியுமுங்க” என்றேன்.

“உனக்குத் தெரியும் கண்ணு” என்றார் அத்தை.

அன்று முழுவதும், சபைக்கு முன்னால் அத்தையைக் காப்பாற்றியது நான்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தை ஒருதரம்கூட மறுத்துப் பேசவில்லை.