ஒரே பஸ்ஸில் வந்த சாரும் நாங்களும்

கொச்சியில் எங்கள் கல்லூரிக்குப் போகும் மட்டாஞ்சேரி பஸ், தோப்பும்படி பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால், எங்களுக்கு முதல் பீரியட் ஆப்சென்ட். க்ளாஸ் ரெப்பாக நான் எத்தனை முறை முறையிட்டும், "சீக்கிரம் கிளம்புங்க" என்பதுதான் துறைத்தலைவரின் பதில்.

இன்று அவருடைய கார் ஒர்க்‌ஷாப்பில். சாரும் எங்கள் பஸ்ஸில்தான் வந்தார். பாலத்தில் எல்லோரும் சேர்ந்தே மாட்டிக்கொண்டோம். முதல் பீரியடும் அவருடையதுதான்.

வகுப்பு வாசலில் பஸ்ஸில் வந்த மற்றவர்களை நிறுத்திவிட்டு, என்னிடம் தன் மலையாளத் தமிழில் சொன்னார்: "மோளே, நீ மட்டும் உள்ள வா. நீ ரெப் அல்லே?"

"ரெப்பா இருக்கறதாலதான் சார் வெளியே நிக்கறேன். போட்டா எல்லாருக்கும் அட்டெண்டன்ஸ் போடுங்க. இல்லேன்னா எனக்கும் வேண்டாம்."

கதவைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தப் போனார். எங்கள் எல்லோருக்கும் ஆப்சென்ட்.

அதே பஸ்ஸில் வந்த சாருக்கு யார் ஆப்சென்ட் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கும் அந்த வாசலில்தான் நிற்பேன், கேட்டுவிடுகிறேன்.