ஒன்பது ஓட்டைக் கரண்டி

அந்த ஜல்லிக்கரண்டியில் ஏகப்பட்ட ஓட்டைகள். ஒன்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடைத்துத் தர முடியுமா என்று அவள் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பூரிக்கு மாவு பிசைகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது?

ஜெபல் அலியில் ஹோட்டல் ஆட்கள் தங்கும் கட்டடத்தில் நான் மெஸ் சமையல்காரன். அவள் ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவள், மங்கோலியாக்காரி. நான் நெற்றி நிறையப் பட்டை போட்டிருந்தாலும் என்னைப் பாய் என்றுதான் கூப்பிடுவாள். கல்ஃபுக்கு வந்துவிட்டால் எல்லாரும் பாய்தான். நான் அவளை சிஸ்டர் என்பேன். அரைகுறை இங்கிலீஷும் அரைகுறை இந்தியும் கலந்து பேசிக்கொள்வோம்.

ஊரில் அவள் மகளுக்கு ரத்தத்தில் வியாதி. லீவ் கேட்டதற்கு சீசன் முடியட்டும் என்றுவிட்டார்கள். போக முடியாத தாய் செய்யக்கூடியது ஒன்றுதான்: விடியும்போது மொட்டைமாடியில் நின்று வானத்துக்குப் பால் தெளிப்பது. அதற்கு ஒன்பது குழி வைத்த மரக்கரண்டி வேண்டுமாம். துபாயில் எங்கே போவது? மொய்யில்கூட நூற்றொன்று வைக்கிற ஊர்க்காரன் நான். எண்ணிக்கை பிசகக் கூடாது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாவை இறுகப் பிசைந்து ஓட்டைகளை அடைத்து, அடுப்போரம் காயவைத்துக் கொடுத்தேன்.

அவர்கள் ஊரில் தொண்ணூற்றொன்பது வானங்களாம், ஒவ்வொன்றும் ஒரு சாமி. மேற்கே ஐம்பத்தைந்து வெள்ளை, கிழக்கே நாற்பத்துநான்கு கறுப்பு. ஒரு காலத்தில் ரத்தம் குடித்த சாமிகளைப் புத்த லாமாக்கள் வந்து அடக்கி, பாலுக்குப் பழக்கித் தங்கள் கோயிலுக்குக் காவல் வைத்துவிட்டார்களாம். அவள் அம்மா சிறுமியாக இருந்தபோது அரசாங்கம் எந்தச் சாமியையும் கும்பிடக் கூடாது என்றதாம். இப்போது மேளம் அடிக்கும் பூசாரிகள் மறுபடியும் வந்துவிட்டார்களாம். கடாவும் சாராயமும் கேட்ட எங்கள் குலசாமிக்கும் கும்பாபிஷேகம் செய்து சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவரைக் கேட்டுத்தான் செய்தார்களா என்றாள். அவரை யார் கேட்டார்கள்? இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

துணி காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். மேற்கே துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தபடி பாலைத் தெளித்துக்கொண்டிருப்பாள். மகளை ஐ.சி.யூ.வில் சேர்த்த வாரத்தில் ஒருநாள், கிழக்கே சூரியனைப் பார்த்து நின்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நாங்களும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் கும்பிடுவோம், நல்ல திசை என்றேன்.

"அந்தப் பக்கம் நல்லவங்க இல்ல, பாய்," என்றாள். "நோய் அனுப்புறவங்க. நல்லவங்கள இத்தன நாள் கேட்டுப் பாத்துட்டேன். அனுப்பினவங்கதான திரும்ப எடுத்துக்க முடியும்."

எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. ஆனாலும் தினமும் அவளுக்காக ஒரு டம்ளர் பாலை எடுத்துவைத்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஊரிலிருந்து போன் வந்தது. மகள் இறந்துவிட்டாள். மறுநாள் விடியற்காலையில், யூனிஃபார்மோடு மெஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தாள். கரண்டியில் கல்லாகக் காய்ந்திருந்த மாவை ஒரு பல்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தாள். கரண்டியையே தூக்கிப் போட்டுவிடலாம் சிஸ்டர் என்றேன். காதில் வாங்கவில்லை.

"நான் மேற்கேயே பாத்து நின்னிருக்கணுமோ, பாய்?"

அவளுக்கு லீவ் கொடுக்காதவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கரண்டியைத் தேய்த்துக் கழுவி ஆணியில் மாட்டினாள். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. போய் ஏறிக்கொண்டாள்.

அன்றைக்குப் பூரியை அதில்தான் அரித்தெடுத்தேன். எல்லா ஓட்டையிலும் எண்ணெய் வடிந்தது.