இரண்டு மில்லிமீட்டர் பூவைத் தேடி ஏலகிரிக்கு

போன வருடம் புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போய்வந்தோம். நாங்கள் என்றால் நானும் ஷைனி அக்காவும். படகு, பூங்கா, அருவி எதையும் பார்க்கவில்லை. ஒரு பூவைப் பார்க்கத்தான் போனோம். அதன் அகலம் இரண்டு மில்லிமீட்டர். அப்போது அதற்குப் பெயர் கிடையாது. சுற்றிப் பார்க்கும் இடங்களைத் தேடி வந்தவர்களுக்கு இந்தப் பதிவு ஏமாற்றம்தான். ஆனால் ரயில், பஸ் நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன், அது உதவும்.

அந்தப் பூ என் கண்ணில் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. தைத்து வரும் தோல் பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, கீறல் இருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா. அவ்வளவுதான் வேலை. ஆவணியில் எங்கள் லைனில் வேலை செய்யும் செல்வியின் பெரியப்பா வீட்டில் காதுகுத்து. அவருக்கு ஏலகிரியில் நிலம். எல்லோரும் போயிருந்தோம். கூட்டம் என்றால் எனக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்குப் பின்னால் மாமரங்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன்.

அங்கே ஒரு கிளையில், பின்னலை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கியது போல ஒரு செடி தொங்கியது. அதன் நுனியில் எலி வால் மாதிரி ஒரு கதிர். கிட்டப் போய்ப் பார்த்தால் வால் முழுக்கப் பூ. நிறம் ஐவரிக்கும் பிஸ்தாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. எங்கள் கம்பெனி ஷேட் கார்டில் அந்த நிறம் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. செல்வி வந்து கூப்பிட்டபோது தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி இருந்தது. ஒரு கதிரை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்தேன்.

செடிகளைப் பற்றிய ஒரு முகநூல் குழுவில் நான் இரண்டு வருடமாக இருக்கிறேன். அதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. அன்று படத்தைப் போட்டு "இது என்ன பூ?" என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் தனியாக ஒரு செய்தி வந்தது. "எங்க எடுத்தது? இடத்தை யார்கிட்டயும் சொல்லாதீங்க." அதுதான் ஷைனி அக்கா. வேலூரில் ஒரு கல்லூரியில் ஆர்க்கிட் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். ஆர்க்கிட் பூவில் ஓர் இதழ் மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருக்கும். அதை உதடு என்பார்கள். எந்த இனம் என்று சொல்வதற்கு அந்த உதடு முக்கியம். என் படத்தில் உள்ள செடி ஓபரோனியா என்ற வகை, ஆனால் அந்த உதடு தனக்குத் தெரிந்த எதனோடும் பொருந்தவில்லை, புதிய இனமாக இருக்கலாம் என்றார். நிரூபிக்க நிஜப் பூ வேண்டும். படம் போதாது.

அடுத்த ஞாயிறு பூவை எடுத்துக்கொண்டு வேலூர் போனேன். இங்கேதான் தவறு செய்திருந்தேன். கம்பெனியில் ஒரு மாதிரியை யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் அட்டையில் சொல்யூஷன் என்ற தோல் ஒட்டும் பசையைத் தடவி ஒட்டி, மேலே டேப் போட்டு, தேதி எழுதித் தருவோம். பூவையும் அப்படியே செய்திருந்தேன். மிகவும் சுத்தமாக. அக்கா அட்டையை லென்சின் கீழே வைத்துப் பார்த்தார். சொல்யூஷனில் உதடுகள் எல்லாம் கரைந்து பழுப்பாக ஒட்டிக்கிடந்தன.

"ஏன்டி, பூவை ஷூன்னு நெனச்சிக்கினியா?" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. எனக்கு அந்தத் தரை பிளந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

செடியில் பூ இன்னும் ஒன்றிரண்டு வாரம்தான் இருக்கும். விட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பயணம்.

காட்பாடியில் ஏறி வந்த அக்காவோடு ஆம்பூரில் நான் சேர்ந்துகொண்டேன். 6.05க்கு வரவேண்டிய பாசஞ்சர் 6.20க்கு வந்தது. ஜோலார்பேட்டை வரை பத்து ரூபாய். 7 மணிக்கு இறங்கினோம். நிலையத்துக்கு வெளியே டீ குடித்துவிட்டு 7.25 பஸ்ஸைப் பிடித்தோம். மேலே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இருபத்தெட்டு ரூபாய். இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், பள்ளத்தாக்கு தெரியும்.

மொத்தம் பதினான்கு வளைவுகள். மூன்றாவதிலேயே அக்காவுக்குத் தலை சுற்றிவிட்டது. கண்டக்டர் தன் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, "மோந்துக்கினே வாம்மா, இதுக்கு டிக்கெட் இல்ல" என்றார். ஒன்பதாவது வளைவில் பஸ் பனிக்குள் புகுந்தது. முன்னால் ரோடு இல்லை, பின்னால் ரோடு இல்லை. வெள்ளைக்குள் மிதந்துகொண்டு போவது போல இருந்தது. ஆம்பூரில் இருக்கும்போது தோல் வாசனை எனக்குத் தெரிவதே இல்லை. மலை ஏறும்போது அது மெல்ல மெல்ல இல்லாமல் போவதுதான் தெரியும். மூக்கு புதிதாக முளைத்தது போல இருக்கும்.

8.20க்கு அத்தனாவூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். டிரைவர் பாய் எங்களைக் கண்ணாடியில் பார்த்தபடி, "பார்க்கா, போட்டிங்கா?" என்றார்.

"ஒரு மாமரத்துல பூ பாக்கணும்ண்ணா," என்றார் அக்கா.

"புரட்டாசில மாம்பூவா? யாரும்மா உங்கள ஏமாத்தினது?"

"மாம்பூ இல்லண்ணா. மாமரத்து மேல வளர்ற வேற பூ."

"அதுக்கா மல ஏறி வந்தீங்க? பார்க்குல ஜாஸ்தி பூ கீது, பெருசு பெருசா. பேஜார் இல்லாம பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள ஊரு போய்ச் சேரலாம்."

இதற்கு மேல் எத்தனை கிலோமீட்டர், எந்தப் பக்கம், ஆட்டோவுக்கு எவ்வளவு என்று எழுத மாட்டேன். மன்னித்துவிடுங்கள். அரிய ஆர்க்கிட் என்று தெரிந்தால் வேரோடு பிடுங்கிப் போய் விற்கிறவர்கள் இருக்கிறார்களாம். செல்வி, அவள் பெரியப்பா எல்லோருடைய பெயரையும் கூட மாற்றித்தான் எழுதுகிறேன்.

பெரியப்பா கோவிந்தன் வாசலிலேயே நின்றிருந்தார். நாங்கள் வருவதைச் செல்வி போனில் சொல்லியிருந்தாள். எதற்கு வருகிறோம் என்று அவளுக்குச் சரியாகச் சொல்லாதது என் தவறு. "வாங்கம்மா, தோப்பு பாக்கணும்னு சொன்னா. நீங்க வர்றீங்கன்னு நேத்துதான் ஆள வெச்சி சுத்தம் பண்ணினேன்," என்றார்.

தோப்புக்குப் போனோம். காய்ப்பு முடிந்ததும் மரங்களைச் சுத்தம் செய்வது அங்கே வழக்கம். காய்ந்த குச்சியை வெட்டி, கிளையில் ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் கொடுவாளால் சுரண்டிவிடுவார்கள். எல்லாமே அவர்களுக்குப் புல்லுருவிதான். கிளைகள் முடி வெட்டிய தலை போலச் சுத்தமாக இருந்தன. நான் பார்த்த கிளையில் ஈரமான ஒரு சுரண்டல் தழும்பு மட்டும் இருந்தது.

ஷைனி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா ஆச்சு?" பெரியப்பா பயந்துபோனார். "புல்லுருவி தான அது? மரத்து சத்தெல்லாம் உறிஞ்சிடும்."

"இது உறிஞ்சாதுங்க. மரத்துல ஒட்டிக்கினு, மழையும் காத்தும் சாப்ட்டுக்கினு தன்பாட்டுக்கு இருக்கும்."

வீட்டுக்குள்ளிருந்து வந்த பெரியம்மா லட்சுமி இதைக் கேட்டுவிட்டு, "குடியிருக்கும், ஆனா சோறு கேக்காதா? உன் தம்பிக்கு சொல்லு இத," என்றார் பெரியப்பாவிடம். அவர் முறைத்தார்.

சுரண்டியதையெல்லாம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குவித்திருந்தார்கள். காய்ந்ததும் கொளுத்துவதாக இருந்தார்களாம். என் இடுப்பு உயரத்துக்குக் குவியல். ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகவே வேலை செய்தது. குச்சி ஒரு பக்கம், பாசி ஒரு பக்கம், நிஜப் புல்லுருவி ஒரு பக்கம். ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பி, பார்த்து, வைத்தேன். 9.15க்கு ஆரம்பித்தேன். பனி மரங்களுக்கு நடுவில் இறங்கி வந்து எங்களைச் சுற்றி நின்றுவிட்டது. கொட்டகை தெரியவில்லை. எங்கோ மாட்டுக் கழுத்து மணி மட்டும் கேட்டது. உலகத்தில் அந்தக் குவியலும் என் இரண்டு கையும் மட்டும் மிச்சம் இருப்பது போல இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டரைக்குள் பதினொரு செடிகள் கிடைத்தன. ஏழில் கதிரே இல்லை. மூன்றில் நசுங்கியிருந்தது. பதினொன்றாவது, குவியலின் அடியில், ஈரப் பாசிக்குள் சுருண்டு கிடந்தது. அதன் கதிர் முழுதாக இருந்தது. பூக்கள் வாடவில்லை.

அக்கா லென்ஸை எடுத்துப் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார். ஒரு பூவுக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வெளிச்சம் இதழ் வழியாகவே உள்ளே வந்தது. நடுவில் ஒரு சொட்டுத் தேன் மாதிரி ஏதோ மினுங்கியது. இதன் உறவுக்காரச் செடிகளுக்கு உதட்டின் ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும் என்று அக்கா படங்களில் காட்டியிருந்தார். இதில் பல் இல்லை. வெட்டி மடித்துத் தைத்த ஓரம் போல வழவழப்பு. நுனியில் மட்டும் மீன் வால் போல இரண்டாகப் பிரிந்திருந்தது. கதிரில் நாற்பது பூக்களைப் பார்த்தேன். நாற்பதும் அப்படித்தான்.

அந்தக் கதிரைக் கெடாமல் வைக்க, செடியோடு அக்கா கொண்டுவந்த சாராய பாட்டிலில் போட வேண்டும். அதுதான் இந்த இனத்துக்குச் சாட்சி. மீதி பத்துச் செடிகளை மரத்தில் திரும்பக் கட்டினால் பிழைக்கலாம். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் காசு குடுத்து எடுக்க வெச்சத திரும்பக் கட்டுறதா? ஊர்ல சிரிப்பாங்க. காய் கம்மியாச்சுன்னா நீங்களா வந்து குடுப்பீங்க?"

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டே போக ஆரம்பித்தார். நான் பின்னாலேயே போய் லென்ஸை நீட்டினேன். "பெரியப்பா, ஒருவாட்டி பாருங்க. பாத்துட்டு வேணாம்னா வேணாம்." அவ்வளவுதான் பேசினேன். அன்று காலையிலிருந்து நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு. "இதுக்கு வாயி கீதே," என்றார் மெதுவாக. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது வேற எங்கயும் இல்லியா?"

"தெரியாதுங்க. இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல," என்றார் அக்கா.

"ஒரே ஒரு மரம். ஒரு வருசம். காய் கம்மியாச்சுன்னா சுரண்டிடுவேன், அப்ப அழக்கூடாது."

பழைய வேட்டியைக் கிழித்துப் பத்தையும் கட்டினோம். ஏணியில் ஏறியது நான். கம்பெனியில் முடிச்சு இழுத்துப் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். பெரியம்மா கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டார். 3.40 பஸ்ஸில் இறங்கினோம். பாட்டில் என் மடியில் இருந்தது. வளைவுகளில் கதிர் உள்ளே மெல்ல ஆடிக்கொண்டே வந்தது.

அதன் பிறகு ஆறு ஞாயிறுகள் வேலூருக்குப் போனேன். அக்கா அளந்து, வரைந்து, பழைய பதிவுகளோடு ஒப்பிட்டார். பூவில் எது எது எப்படி இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். பெரிய ஆய்வாளர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். இந்த ஆடியில் கட்டுரை வெளியாகிவிட்டது. அது புதிய இனம்தான். என் பெயரை வைக்கிறேன் என்றார் அக்கா. வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சினேன். பெரியம்மா சொன்னதை நினைத்து ஓபரோனியா இன்குயிலினா என்று வைத்தார். லத்தீனில் குடியிருக்க வந்தவள் என்று பொருளாம். கட்டுரையில் உலகத்தில் இதுவரை தெரிந்த செடிகள் என்று ஒரு வரி உண்டு. அதில் பத்து என்று இருக்கிறது. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் வேட்டித் துணியில் போட்ட முடிச்சுகளை மனதில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பேன்.

ஏலகிரி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் இறங்கும் பஸ்ஸில் இடம் கிடைக்காது, முன்னாலேயே கிளம்பிவிடுங்கள். புரட்டாசியில் ஸ்வெட்டர் தேவையில்லை, ஆனால் அட்டைப்பூச்சி உண்டு, கையில் உப்பு வைத்திருங்கள். பத்து ரூபாய்க்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். பூவைக் கிள்ளாதீர்கள், நான் செய்த தவறு போதும். படம் எடுங்கள், ஆனால் இடத்தைப் போடாதீர்கள். நாங்கள் எடுத்தது பட்டா நிலத்தில், சொந்தக்காரர் சம்மதத்தோடு. காட்டில் ஒரு இலையைத் தொடவும் வனத்துறை அனுமதி வேண்டும். புதிதாக எதையாவது பார்க்க வேண்டுமென்று தூரமாகப் போகத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஒரு கிளைக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றால் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக அங்கே போய்வந்தேன். அதே ரயில், அதே பஸ். பத்தில் நான்கு பிழைத்திருக்கின்றன. வேட்டித் துணி மக்கிவிட்டது, வேர்கள் பட்டையைப் பிடித்துக்கொண்டன. ஒன்றில் கதிர் விட்டிருக்கிறது, இன்னும் பூக்கவில்லை. இந்த வருடம் காய் எப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெரியம்மாதான் கையைப் பிடித்து அடுத்த மரத்துக்கு அழைத்துப்போனார். நாங்கள் எதையும் கட்டாத மரம். உச்சிக் கிளையைக் காட்டினார். கொடுவாள் எட்டாத இடத்தில் தட்டையான ஒரு சின்னப் பின்னல். ஐந்தாவது.

அப்போதுதான் கவனித்தேன். காய்ப்பு முடிந்து இரண்டு மாதம் ஆகியும் அந்த மரத்தில் காய்ந்த குச்சிகள் அப்படியே இருந்தன. பாசியும் இருந்தது. அதற்கடுத்த மரமும் அப்படித்தான். பெரியப்பா கொஞ்சம் தள்ளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. தோப்பு முழுக்க நடந்து பார்த்தேன், எந்த மரத்திலும் இந்த வருடம் கொடுவாள் படவில்லை.