இஸ்திரி மேஜைக்கடியில் பேசிய டப்பா

போன வருடம் மே மாதம் மும்பை மாட்டுங்காவில் நடந்தது இது. அங்கே ஒரு கட்டட வாசலில் துணி தேய்க்கிறேன், வீடு தாராவியில். அப்போது எனக்குக் காசநோய். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தேன். இனி யாருக்கும் பரவாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

சுகாதார ஆபீசில் புதுசாக ஏதாவது கண்டுபிடிக்க, கோடை விடுமுறைக்குக் கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்திருந்தார்கள். அதில் செம்பூரிலிருந்து வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி எனக்கு ஒரு மாத்திரை டப்பா கொடுத்தாள். நேரம் வந்தால் அது பேசும், திறந்தால்தான் நிற்கும். தமிழர்களுக்குப் புரியட்டும் என்று அவளே தன் குரலைப் பதிவு செய்திருந்தாள். எங்கே போனாலும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது ஆபீசர் உத்தரவு.

மறுநாள் காலை, வாசலில் ஆட்கள் நிற்கும் நேரம். "உங்கள் காசநோய் மாத்திரையைச் சாப்பிடுங்கள்!" என்று மேஜைக்கடியில் டப்பா கத்தியது. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுக் குனிவதற்குள் மறுபடியும் கத்தியது.

இரண்டாம் மாடி மாமி எட்டிப் பார்த்தார். "ஏன்ப்பா, நோக்கு டி.பி.யா? சொல்லவே இல்லையே! என் புடவையெல்லாம் குடுத்துடு, தேய்க்காட்டாலும் பரவாயில்லை."

சாயங்காலத்துக்குள் மேஜை காலி.

ஆபீசில் போய்ச் சொன்னேன். சத்தம்தான் இதில் விசேஷமே, குறைக்க முடியாது என்றார் ஆபீசர். நான் ஒரு வேளைகூட மாத்திரையை மறந்ததில்லை. அதை யார் கேட்டார்கள்?

அடுத்த வாரம் டப்பாவைப் பார்க்க மேலதிகாரிகள் வந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன். பயத்தில் இந்தி வரவில்லை. "அவர் தமிழ்ல என்ன சொன்னாலும், டப்பா நல்லா இருக்குன்னு சொல்லிடு" என்று ஆபீசர் அந்தப் பெண்ணிடம் இந்தியில் சொன்னார். வாயில் இந்தி வராவிட்டால் காதிலும் விழாதா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இது எனக்கா சொல்லுது? ஊருக்குல்லா சொல்லுது! என் பொழப்பு போச்சு, தாயி. உன் குரல்தான் கெடுத்துச்சு" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் இந்தியில் சொன்னாள், கடைசி வார்த்தையையும் சேர்த்து. பிறகு டப்பாவிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். "சின்னப் பிரச்சினை" என்று ஆபீசர் சிரித்தார். யாருக்குச் சின்னது?

நோய் குணமாகிவிட்டது. மாமி இன்னும் புடவை தரவில்லை. அந்தப் பெண் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மூட்டையோடு வந்து, மாடிக்கே கேட்கிற மாதிரி, "அண்ணா, மெதுவாத் தேயுங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்கிறாள். அதே குரல்தான். டப்பாவைக் கொடுப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் இப்படி என் மேஜை அருகில் வந்து உட்கார்ந்திருந்தால் போதுமே என்று நினைக்கும்போது, இன்றும் என் கோபம் ஆறுவதில்லை.