வேலூர் போகிற கார்

எங்கள் வீட்டில் யாருக்கு வீடியோ அழைப்பு வந்தாலும் எல்லோரும் முகம் காட்டி ஒரு வார்த்தை பேசிவிடுவார்கள். என் கவுன்சலிங்கின் முதல் நாளும் அப்படித்தான் ஆனது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்ததும் மனச்சோர்வும் படபடப்பும் பிடித்துக்கொண்டன. அதற்காகத்தான் கோயம்புத்தூரிலிருந்து திரையில் வரும் ஓர் இளம் பெண் ஆலோசகரிடம் சேர்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் என் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, சாப்பாடு ஆயிற்றா, கல்யாணம் ஆயிற்றா என்று அவரை விசாரித்து முடித்தார்.

அடுத்த வாரத்திலிருந்து கவுன்சலிங் காருக்கு மாறியது. ஆம்பூரில் எங்கள் தெருவோர வேப்பமரத்தடியில் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் மூக்குக்கும் அது வசதி.

நாளிதழில் பல வருடம் செய்திகளைத் திருத்தியவள் நான். தூக்கம் குறைவு, பசி பரவாயில்லை, அழுகை இரண்டு முறை என்று நறுக்காகச் சொல்வேன்.

"செய்தி வாசிக்கறீங்க," என்பார் ஆலோசகர். "நீங்க எப்படி இருக்கீங்கன்னு சொல்லுங்க."

சொல்லாமல் விட்டது வேலூர் செக்கப்பை மட்டும்தான். நோய் திரும்பியிருக்குமோ என்ற பயத்தில் இரண்டு தேதிகளைத் தவறவிட்டிருந்தேன். மூன்றாவது தேதியும் வந்தது. மதியம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவள், காலையில் வழக்கம்போலக் காரில் உட்கார்ந்து, புதிதாக ஒன்றும் இல்லை என்று ஆலோசகரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்கதவு திறந்தது. முதலில் ஒரு டிபன் கேரியர் ஏறியது. அதன் பின்னால் பக்கத்து வீட்டு ஆபா; உருதுவில் அக்கா என்று தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். வேலூருக்கு ஒரு கார் கிளம்பினால் எங்கள் தெருவில் யாராவது ஏறிக்கொள்வது வழக்கம். கேட்பதுகூட இல்லை. வழியில் மகள் வீட்டில் இறக்கிவிட்டால் போதும் என்றார்.

"எங்கேயும் போகல ஆபா. பேசிட்டு இருக்கேன்."

"இன்னிக்குத்தானே உனக்கு ஆஸ்பத்திரி? நீதானே சொன்னே. ஏசி ஓடுதேன்னு வந்தேன்."

திரையில் ஆலோசகர் அசையவில்லை. நெட்வொர்க் போயிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். போகவில்லை. வண்டியில் ஆள் இருக்கிறாரே, அப்புறம் பேசலாமா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். பயத்தில் இரண்டு தேதிகளைத் தவறவிட்டதையும் சொன்னேன்.

"பயம் பத்துக்கு எத்தனைங்க?"

"ஒன்பது."

ஆபா கேரியரை மடியில் சரிசெய்துகொண்டார். "எனக்குப் பல்லு புடுங்கவே பத்து. போறதுன்னா போலாம்மா. இல்லன்னா நான் பஸ்ஸுக்குப் போறேன், குருமா ஆறுது."

ஆலோசகர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. என்னால் அடக்க முடியவில்லை. பயம் கொஞ்சம் குறைந்த பிறகு போகலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"ஒன்பதோடயே போகலாம்ங்க. குறையட்டும்னு இருந்தா தேதி போயிடும்."

தழும்பில் அழுத்தாமலிருக்க, சீட் பெல்ட்டுக்கு அடியில் வைக்கும் துண்டு பக்கத்து இருக்கையில் கிடந்தது. அதை மடித்து மார்பில் வைத்து பெல்ட்டை மாட்டினேன்.

தெருமுனை திரும்பியதும் ஆபா ஏசியைக் கம்மி பண்ணச் சொன்னார்.