அலுமாரி போகிற வாசல்

எங்கள் வீட்டு முன்வாசலின் அகலத்தைப் பார்த்து, "என்ன, ட்ராக்டர் விடப் போறியளோ?" என்று கேட்காத ஆள் ஸ்கந்தபுரத்தில் இல்லை. பிளானைக் கையில் வாங்கிய அன்று நானும் அதைத்தான் கேட்டேன்.

கட்டடக் கலைஞர் என்று, அதைக் கீறித் தந்தவருடைய போர்டில் இருந்தது. நாங்கள் பிளான் கீறுகிறவர் என்றுதான் சொல்வோம். எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சின்ன வீட்டில் அவரும் மனைவியும் இருந்தார்கள். அந்த மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"அலுமாரி கொண்டு போக வேணுமெல்லோ, தங்கச்சி," என்றார் பிளான் கீறுகிறவர்.

"எங்களிட்டை இருக்கிறது ஒரு அலுமாரி. அது எந்தக் கதவாலையும் போகும்."

"நாளைக்குப் பெரிசா ஒண்டு வாங்குவியள்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். வாசலுக்குக் கீறின கோட்டை மட்டும் மாற்றமாட்டார். மற்றதெல்லாம் எங்கள் விருப்பம். வெறும் நிலத்தில் அடுப்பு வரப்போகிற இடத்தில் என்னை நிற்கவைத்து, "இப்ப றோட்டுப்பக்கப் படலை தெரியுதோ?" என்று கேட்டுத்தான் குசினி யன்னலைக் கீறினார். மத்தியானங்களில் எங்களிடம் ஒரு கதிரையை வாங்கிப் போட்டு உட்கார்ந்து வளவுக்குள் சும்மா இருப்பார், காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்க. எனக்கு விசர் வரும். சும்மா இருக்கிற மனிதருக்கு எத்தனை தேத்தண்ணி ஊற்றுவது? ஆனால் பங்குனி வெயிலிலும் எங்கள் வீட்டுக்குள் ஆள் இருக்கலாம்.

மல்லாவி, பூநகரி என்று மோட்டார் சைக்கிளில் அலைந்து ஊருக்கெல்லாம் வீடு கீறியவர், தன் வீட்டில் ஒரு கல்லைக்கூட மாற்றவில்லை. கையில் இருக்கிற வேலை முடியட்டும் என்பார். அது முடிந்ததேயில்லை.

போன மாரியில் நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், பெட்டியில்தான் திரும்பி வந்தார். அன்று மழை விடவில்லை. அவர்களுடைய வளவு முழுக்க வெள்ளம். கொட்டகை போட வழியில்லாததால் வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். வாசலோ ஒடுக்கம், உள்ளே கால் வைத்ததும் சுவர். தூக்கி வந்தவர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சால் போகும்," என்றார் ஒருவர்.

"சரிக்க வேண்டாம்." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவரின்ரை அம்மாவை இந்த வாசலாலை சரிச்சுத்தான் எடுத்தவை. தலை ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. அதைப் பாத்த பிறகுதான் இவர் எல்லாருக்கும் அகல வாசல் வைச்சவர். வீடு கட்டப் போற சனத்திட்டைச் சாவைக் கதைக்கேலுமே? அதுதான் அலுமாரி எண்டு சொல்லுறவர்."

"எங்கடை வீட்டிலை வைப்பம்," என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. தை பிறந்தால் மகளுக்கு அந்த வீட்டில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் யாரும் வேறு வீட்டுப் பிணத்தைத் தங்கள் வீட்டுக்குள் எடுப்பதில்லை. கல்யாணம் வைத்திருக்கிற வீடென்றால் நினைக்கவே மாட்டார்கள். எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன சொல்லுவினம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சொல்லுறதைச் சொல்லட்டும். எங்களுக்கு வாசல் தந்த மனிசன் மழையிலை நிக்கிறார்."

கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளினார்கள். தள்ளட்டும்.

எங்கள் வீட்டுக்குள் கிரியை எல்லாம் முடிந்து அவரைத் தூக்கினார்கள். அலுமாரி, அலுமாரி என்று சிரித்த முகம்தான் எனக்குத் தெரிந்தது. தாங்க முடியவில்லை. அக்கா தலை நிமிரவேயில்லை.

"சரிக்கேல்லையே?" என்று கேட்டார்.

இரண்டு பக்கமும் ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி நடந்தார்கள். பெட்டி வாசல் நிலையில் எங்கும் படவில்லை.

"இல்லை அக்கா. நேராத்தான் போறார்."

அதற்குப் பிறகுதான் அக்கா வாய்விட்டு அழுதார்.